இரண்டு பக்கத்துக்கும் ஒரே மீட்டர்

அனுமந்தன்பட்டி
20 ஜனவரி 2025

நாகஜோதி அறிய, உன் ஓரகத்தி பஞ்சம்மாள் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே மேகமலைக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது, பவானியும் அவள் மகனும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவேண்டும்.

நீ மகள் வீட்டுக்கு என்று மலையேறிப் போய் இரண்டாவது பொங்கலும் முடிந்துவிட்டது. இவ்வளவு காலம் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இது சண்டைக்கும் இல்லை, சமாதானத்துக்கும் இல்லை. கரண்டு விஷயம். உங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் போன் டவர் எடுக்காது என்று என் மகன் ஈஸ்வரபாண்டி சொன்னான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து என்று பிழை பார்க்காதே. அந்த ஐந்தாவதில் நான்தான் முதல் மார்க்.

பொங்கலுக்கு மாவாட்டப் போனபோது கிரைண்டர் சுர்ரென்று கையைப் பிடித்துவிட்டது. மறுநாள் அடுப்படிக் குழாயைத் தொட்டாலும் அதே சுர். உத்தமபாளையத்திலிருந்து வயர்மேன் வினோத்ராஜை வரவழைத்தேன். ஏணி போட்டு ஏறி, தேக்கு ரீப்பரில் ஓடுகிற வயரை விரலால் தொட்டான். மேலிருந்த ரப்பர் முறுக்குத் தூள் மாதிரி உதிர்ந்தது. "ஆத்தா, இது உங்க மாமனார் காலத்து வயரு. இத்தனை வருசம் நின்னதே பெரிசு. ஒண்ணு முழுசா மாத்துங்க, இல்ல மெயினை இறக்கிட்டு அரிக்கேன் வெளக்கு வாங்கிக்கங்க" என்றான்.

ஈஸ்வரபாண்டியிடம் போனில் சொன்னேன். "அந்த வீட்டுக்கு இனிமே எதுக்கும்மா வயரு? பூட்டிட்டு திருப்பூருக்கு வந்துரு" என்கிறான். மூன்றாவது மாடியில் ஒரு அறை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறானாம். யோசிக்கிறேன் என்றேன். என் பேத்தி யுவராணி கோயம்புத்தூரில் கரண்டு என்ஜினியருக்குத்தான் படிக்கிறாள், உனக்குத் தெரிந்திருக்கும். அவளும் வயர்மேன் சொல்வதுதான் சரி என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமனார் பாகம் பிரித்தபோது அடுப்பைப் பிரித்தார், வாசலைப் பிரித்தார். நடையில் இருக்கிற மீட்டரைப் பிரிக்கவில்லை. உன் பக்கத்தையும் பார்க்காமல் ஒன்றும் சொல்லமுடியாது என்கிறான் வினோத்ராஜ். உன் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. சாவி உன்னிடம். நம் ஊர் சுருளிராஜன்தானே மேகமலை பஸ்ஸில் கண்டக்டர், அவன் கையில் கொடுத்து அனுப்பு. இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு.

இப்படிக்கு
பஞ்சம்மாள்


மேகமலை
9 பிப்ரவரி

அக்காவுக்கு நாகஜோதியின் வணக்கம். நாங்கள் மூன்று பேரும் சௌகரியம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கிடைத்தது. பவானிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பகலும் இரவும் மாறிமாறி டூட்டி. பையனுக்கு மூன்று வயது நடக்கிறது. அவன் பின்னால் ஓடவே பொழுது சரியாக இருக்கிறது. அதனால்தான் தாமதம்.

என் பக்கத்துக்கு வயர் எதுவும் வேண்டாம் அக்கா. ஆள் இல்லாத இடத்துக்கு எதற்கு வெளிச்சம்? அறுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சாவியை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை, தேடவேண்டும்.

கொஞ்சம் ஏலக்காய் அனுப்பியிருக்கிறேன். யுவராணி நன்றாகப் படிக்கட்டும்.

நாகஜோதி


அனுமந்தன்பட்டி
16 பிப்ரவரி

நாகஜோதிக்கு. ஏலக்காய் வந்தது. டீயில் தட்டிப் போட்டேன், வாசனை தெருவரைக்கும் போனது. என் சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாவியைத் தேடவேண்டுமாம். உன் சாவி உன் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் இருக்கிறது. முப்பது வருஷம் ஒரே கொல்லையில் குடியிருந்தவளிடம் இந்தக் கதை வேண்டாம்.

அறுத்துவிடச் சொன்னாய். வினோத்ராஜிடம் சொன்னேன். "அது ஒரு நிமிச வேலை ஆத்தா" என்று கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய்விட்டான். அப்புறம் நான்தான், இரு, இப்போது வேண்டாம் என்றேன். ஏன் என்று அவனும் கேட்டான், நீயும் கேட்காதே. வீடு இரண்டு பேருக்கும் பாத்தியம். நாளைக்கு யாராவது வந்து என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

அதுவரைக்கும் நான் எப்படி மாவாட்டுகிறேன் தெரியுமா? கிரைண்டருக்கு முன்னால் மாமனார் உட்கார்ந்து சாப்பிட்ட மரப்பலகையைப் போட்டு, ஈஸ்வரபாண்டி வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் ஸ்விட்சைப் போடுகிறேன். அடுப்படிக்குள் உன் மகள் ஒரு நாள் செருப்போடு வந்ததற்கு நான் என்ன பேச்சுப் பேசினேன்! இப்போது நானே போட்டுக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பாய், சிரி.

ஆட்டுகிற மாவும் ஒரு ஆளுக்குத் தீரமாட்டேன் என்கிறது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் வாரக் கடைசியில் புளித்துப் போகிறது. கிரைண்டரில் இதைவிடக் கொஞ்சமாகப் போட்டால் கல்லு சுற்றமாட்டேன் என்கிறது. ஈஸ்வரபாண்டி மிக்ஸி போதும் என்கிறான். மிக்ஸியில் அரைத்த இட்லியை அவன் மாமியார் வீட்டில்தான் சாப்பிடவேண்டும்.

சாவியை அனுப்பு.

பஞ்சம்மாள்


மேகமலை
11 மார்ச்

அக்காவுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பவானியிடம் செருப்புக் கதையைச் சொன்னேன். வெகு நேரம் சிரித்தாள். உங்களுக்கு அப்போது வெறும் சுர்தானே? வேறு ஒன்றும் ஆகவில்லையே?

குழந்தைக்கு இருமல் விட்டபாடில்லை. கருப்பட்டியும் திப்பிலியும் நம் பக்கத்தில் கிடைப்பது போல இங்கே கிடைக்காது. அரைப்படி திப்பிலி வாங்கி சுருளிராஜனிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் நீளமாக எழுதியதால் நானும் ஒன்று எழுதிவிடுகிறேன். கொல்லையில் என் துவைகல்லுக்கு மேல் ஒரு பல்பு இருக்கிறதே, அதை நான் இரவெல்லாம் எரியவிடுவேன். அவர் வயலிலிருந்து வந்தால் அங்கேதான் கால் கழுவுவார். மாமனார் தன் உயரத்துக்கு வைத்த ஸ்விட்ச், எனக்கு எட்டாது. கரண்டிக் காம்பால்தான் தட்டிப் போடுவேன். அவர் போன பிறகும் போட்டுக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய அன்று நீங்கள் கொல்லைக்கு வந்து, "ஒத்த ஆளுக்கு எதுக்குடி இத்தனை லைட்டு" என்று சொல்லி, நீங்களே அதை அணைத்தீர்கள்.

நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை அக்கா. நியாயம்தான். அதுவரைக்கும் எனக்கு அது தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன பிறகுதான் நான் ஒத்த ஆள் என்று தெரிந்தது.

சாவியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாகஜோதி


அனுமந்தன்பட்டி
4 மே

நாகஜோதிக்கு எழுதுவது. இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குற்றம் சொல். வெயிலுக்கு மை காய்ந்துபோகிறது.

வீரபாண்டித் திருவிழாவுக்கு இந்த வருஷம் நான் போகப்போவதில்லை. கூட்டம் அதிகம் என்கிறார்கள். தெருவே போகத் தயாராக இருக்கிறது. அக்கினிச் சட்டி எடுக்கிறவர்களுக்கு நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

திப்பிலியும் கருப்பட்டியும் இந்தப் பையில் இருக்கிறது, பார். தாமதம் என் தப்பு. ஆனால் ஒன்று சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையின் இருமலுக்கு ஒரு சிட்டிகைத் திப்பிலி போதும். அரைப்படித் திப்பிலியை எந்தப் பிள்ளை தின்னும்? நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிற பெரிய ஆளுக்குத்தான் அவ்வளவு வேண்டும். அந்தப் பெரிய ஆள் தேனில் குழைத்து இரண்டு வேளை சாப்பிடட்டும்.

வினோத்ராஜ் இரண்டு மூன்று தடவை வந்து போனான். ஏதோ மீட்டரை வைத்துச் சோதித்தான். பழைய வயரில் அங்கங்கே கரண்டு கசிகிறது, அது எப்போதும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும், முன்பெல்லாம் எர்த் அதை இழுத்து மண்ணுக்குள் விட்டுவிடும், இப்போது எர்த் இழுக்கவில்லை, அதனால் தொடுகிறவள் கையில் ஏறுகிறது என்றான். எர்த் குழி எங்கே என்று கேட்டான். காட்டினேன். உனக்குத் தெரியும், உன் துவைகல்லுக்கு அடியில்தான். மாமனார் குழி தோண்டி, குழாயை இறக்கி, உப்பும் கரியும் கொட்டி மூடிவிட்டு, துவைக்கிற தண்ணீர் தினமும் இதன் மேல் விழவேண்டும் என்றுதான் கல்லை அங்கே போட்டார்.

மண்ணைக் கிளறிப் பார்த்தான். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பக்கத்து வாழையும் பட்டுப்போய் நின்றது.

"இங்கன யாரும் துவைக்கிறதில்லையா ஆத்தா?"

எனக்குத்தான் மகன் வாங்கிக் கொடுத்த மிஷின் இருக்கிறதே. அதன் தண்ணீர் முன்வாசல் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. அதைச் சொன்னேன்.

"முன்னாடி யாரு துவைச்சாக?"

"அந்தப் பக்கத்து ஆளு. ஊருக்குப் போயிருக்கு."

"எப்ப வருவாக?"

அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

பஞ்சம்மாள்


மேகமலை
8 மே

அக்கா,

உங்கள் பேனாவுக்கு என்ன ஆனது என்று சுருளிராஜன் சொல்லிவிட்டான். பை கொடுக்க வந்தவனிடம், அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று சும்மாதான் கேட்டேன். "கையில மாவுக்கட்டோடதான் இருக்காக, உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

மார்ச் மாதமே விழுந்தீர்களாம். அதுவும் என் துவைகல் மேல். சுவரில் இருக்கிற ஸ்விட்ச் பெட்டியில் ஷாக் அடித்துத் தள்ளிவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு வந்து தூக்கினார்களாம். அந்த ஸ்விட்சில் உங்களுக்கு என்ன வேலை அக்கா? அந்த லைட்டை நீங்கள் எதற்குத் தொட்டீர்கள்?

மலை மேல் இருக்கிறவளுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? யுவராணி முதல் செமஸ்டரில் எத்தனை மார்க் என்று பஸ்ஸில் போகிறவனிடம் எல்லாம் சொல்லி அனுப்புகிறீர்கள். கை முறிந்ததைச் சொல்ல மட்டும் உங்களுக்கு மனம் வரவில்லை.

சாவி கிடைத்துவிட்டது. இந்தத் துணி முடிச்சில் இருக்கிறது. வினோத்ராஜை வைத்துத் திறந்து பாருங்கள், நீங்கள் தனியாகத் திறக்க வேண்டாம். அவன் சொல்கிற வரைக்கும் கொல்லைக் குழாயையும் அந்தப் பெட்டியையும் தொடாதீர்கள்.

பெரியம்மாவை இங்கே வந்து இருக்கச் சொல் என்கிறாள் பவானி. எங்களுக்கு இருப்பது ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். ஆனாலும் இடம் பண்ணலாம்.

திப்பிலியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன். குழந்தைக்கு இருமல் இல்லை.

நாகஜோதி


அனுமந்தன்பட்டி
15 ஜூன்

நாகஜோதிக்கு. மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கை கொஞ்சம் மெலிந்திருக்கிறது, மற்றபடி என் கைதான். நீ கேட்ட மற்றதற்குப் பதில் எழுத இந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

சாரல் பிடித்துவிட்டது. பெரியாற்றுத் தண்ணீரும் திறந்துவிட்டார்கள். நாற்றங்கால் பச்சை கட்டியிருக்கிறது. இன்னொரு அதிசயம், கிரைண்டரும் குழாயும் இப்போது கையைப் பிடிப்பதில்லை. பலகையும் வேண்டாம், செருப்பும் வேண்டாம். பார்த்தாயா, வீடு தானாகவே சரியாகிவிட்டது, வயரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வினோத்ராஜிடம் சொன்னேன். அவன் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. "மழைத் தண்ணி எர்த்துக்குப் போயிருக்கு, அதான். சாரல் நிக்கட்டும் ஆத்தா, மறுபடி பிடிக்கும்" என்றான்.

உன் பக்கத்தை அவனை வைத்துத்தான் திறந்தேன். உன் சொல்படிதான் என்று எழுதிக்கொள்கிறேன், அடிக்கடி நடக்காத விஷயம். காலண்டர் நீ கிளம்பிய தேதியிலேயே நிற்கிறது. நாள்தாளைக் கிழிக்கலாமா என்று நினைத்தேன், கிழிக்கவில்லை. கொழுந்தனின் டார்ச் லைட் ஆணியில் தொங்குகிறது. உள்ளே இருந்த பேட்டரிக் கட்டை பச்சையாகப் பூத்துப்போயிருந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். உன் கட்டிலில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். ஏணி வேலை முடியட்டும் என்றுதான்.

வயர் உன் பக்கத்தில்தான் ரொம்ப மோசம். பரணுக்கு மேல் எலி தின்று வெறும் கம்பி தெரிகிறது. கூரைக்குள் தீப்பிடிக்காமல் இருந்ததே ஆச்சரியம் என்கிறான்.

இப்போது மூன்று வழி இருக்கிறது. ஈஸ்வரபாண்டி சொல்கிறபடி நான் இதைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போகலாம். இல்லையென்றால் என் பக்கத்துக்கு மட்டும் புது வயர் போட்டு, உன் பக்கத்தை நடையோடு அறுத்து மூடிவிடலாம். அதற்கப்புறம் அங்கே வெளிச்சம் வேண்டும் என்றால் சுவரை மறுபடி உடைக்கவேண்டும், அவ்வளவு சுலபமாக நடக்காது என்கிறான். மூன்றாவது, இரண்டு பக்கமும் போடுவது.

ஆடி முடிந்ததும் வேலையை ஆரம்பிக்கிறான். அதற்கு அப்புறம் போடியில் ஒரு பெரிய வேலைக்குப் போய்விடுவான். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று என்னிடம் கேட்கிறான். அது நான் சொல்கிற விஷயம் இல்லை. நீ சொல்லவேண்டியது. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இரண்டு பக்கம் என்றால், ஸ்விட்ச் எந்த உயரத்தில் வேண்டும் என்பதையும் எழுது. கரண்டிக் காம்பு வைத்திருக்கிற குள்ளச்சிக்கு எதற்கு மாமனார் உயரம்?

நெஞ்சில் தைலம் தடவிக்கொள். காலையில் வெறும் தரையில் நடக்காதே.

பஞ்சம்மாள்


அனுமந்தன்பட்டி
20 ஜூலை

நாகஜோதிக்கு. நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன கடிதம் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. உன் கையிலேயே கொடுத்ததாகச் சுருளிராஜன் சொல்கிறான். அவனை நான் தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. காய் வாங்கப் போகிறபோது எதிரில் வந்தால் கேட்பேன். இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, பஸ் படியில் நின்றபடியே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறான்.

சாரல் நின்றுவிட்டது. குழாய் மறுபடியும் பிடிக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஈஸ்வரபாண்டி வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனான். உன் பக்கத்து வாசலைப் பார்த்துக்கொண்டே, "சித்தி இனி வரமாட்டாகம்மா. அவுகளே வராத வீட்டுல நீ மட்டும் என்ன செய்யப்போற?" என்றான். சித்தி கடிதம் எழுதும், அதற்கப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஆடி பிறந்துவிட்டது.

பஞ்சம்மாள்


மேகமலை
12 ஆகஸ்ட்

அக்காவுக்கு வணக்கம். இப்போது எழுந்து உட்கார்ந்து எழுதுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். உங்கள் கை எப்படி இருக்கிறது?

இரண்டு வாரம் பவானியின் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தேன். மூச்சுத் திணறல்தான். நீங்கள் திப்பிலியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள், மறைத்து என்ன பயன்? ஆனால் நான் எழுதாமல் இருந்தது அதனால் இல்லை அக்கா. அதற்கு முன்பே பலமுறை காகிதத்தை எடுத்தேன். வருகிறேன் என்று எழுதினால் அது பொய். வரமாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. வெறும் காகிதத்தை அனுப்ப முடியாதே.

மருமகன் துபாய் போய் எட்டு மாதம் ஆகிறது. அதையும் நான் உங்களுக்கு எழுதவில்லை. பவானிக்கு இரவு டூட்டி வந்தால் பையனுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறான். நான் அசைந்தால் விழித்துவிடுகிறான். இவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்கும் நான் இங்கேதான். அதற்கப்புறம் பவானிக்கு எந்த ஊரில் வேலை, எனக்கு எப்படி இருக்கும் உடம்பு, எதுவும் என் கையில் இல்லை.

இந்தக் குளிர் உங்களுக்குச் சேராது. ஒரு அறையில் நாங்களே மடங்கித்தான் படுக்கிறோம். போன தடவை வாருங்கள் என்று எழுதியது பாசத்தில் எழுதியது. வந்திருந்தால் உங்களை எங்கே படுக்க வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் உங்கள் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். என் பக்கத்தை அறுத்துவிடச் சொல்லுங்கள். நான் இதை வருத்தத்தில் எழுதவில்லை. நீங்கள் திருப்பூர் போவதாக இருந்தாலும் போங்கள். போகவில்லை என்றால் என் கல்லில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் கைக்காகத்தான் சொல்கிறேன்.

இங்கே சாயங்காலம் ஆனால் மூடுபனி வாசலை அடைத்துவிடுகிறது. எதிர் லைனில் விளக்கு எரிகிறதா என்றுகூடத் தெரியாது.

நாகஜோதி


அனுமந்தன்பட்டி
14 செப்டம்பர்

நாகஜோதி அறிய, பஞ்சம்மாள் எழுதுவது. உன் மூச்சு இப்போது எப்படி? கை எனக்குக் குடம் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டது. நேரில் பார்க்கிறவர்கள் அது முறிந்த கை என்றே சொல்லமாட்டார்கள்.

வயரிங் வேலை முடிந்துவிட்டது. ரீப்பரையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். மாமனார் காலத்திலிருந்து சுண்ணாம்பு படாத இடம், சுவர் முழுக்கக் கோடு கோடாகத் தெரிகிறது. வெள்ளைக் குழாய்க்குள் புது வயர் ஓடுகிறது. மீட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறான், கரண்டு கொஞ்சம் கசிந்தாலும் அதுவே டப்பென்று விழுந்துவிடுமாம். வைத்த அன்றைக்கு அதை ஒரு தடவை விழவைத்துக் காட்டினான். யுவராணி விநாயகர் சதுர்த்தி லீவுக்கு வந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனாள். என்னைப் போலத்தான் அவளும், யார் வேலையையும் சுலபத்தில் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

ஈஸ்வரபாண்டிக்குக் கோபம். பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, திருப்பூருக்கு வரமாட்டேன் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

எர்த் குழியையும் தோண்டிப் புதிதாகப் போட்டார்கள். உப்பும் கரியும் நான் வாங்கிக் கொடுத்தேன். மிஷினை மூலையில் போர்த்தி வைத்துவிட்டேன். துணியை உன் கல்லில்தான் அடிக்கிறேன். முறிந்த கையால் ஓங்க முடியவில்லை, ஒரு தடவைக்கு ஒரு சேலைதான். தண்ணீர் போகவேண்டிய இடத்துக்குப் போகிறது. கிரைண்டரை வெறுங்காலோடு தொடுகிறேன். வாழை பிழைக்குமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதத்தை வினோத்ராஜிடம் காட்டவில்லை. ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று கேட்டான். அந்தப் பக்கத்துக்காரி ஊரில் இல்லை, நான் சொல்வதைச் செய் என்றேன். உன் உள்ளறையில் ஒரு லைட், அடுப்படியில் ஒரு லைட், கட்டிலுக்கு நேராக ஃபேன். நீ அறுக்கச் சொன்னாய், நான் கேட்கவில்லை. என்றைக்கு நான் நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன்?

துவைகல்லுக்கு மேல் புதுப் பல்பு. கொல்லைச் சுவரில் ஸ்விட்ச் வைக்கும்போது, எந்த உயரம் என்று பென்சிலோடு நின்றான். என் இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினேன்.

"இம்புட்டுத் தாழ்ச்சியாவா? இங்கன இருக்கிறது நீங்க ஒரு ஆளுதான ஆத்தா. தினம் குனிஞ்சுல்ல போடணும்?"

"குனிஞ்சுக்கிறேன். நீ வை" என்றேன்.

வைத்துவிட்டான். சாயங்காலம் மாட்டுக்காரர்கள் வீடு திரும்புகிற நேரத்துக்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதைப் போடுகிறேன். விடிந்த பிறகுதான் அணைக்கிறேன்.

பையனுக்கு என் முத்தம். தைலம் தீர்ந்தால் எழுது.

உன் அக்கா
பஞ்சம்மாள்